ஓடக்காரிக்குப் போட்ட பூட்டு

படகில் ஓட்டை விழுகிறது என்று முதல் புகார் வந்தபோது பூட்டுக்காரன் சிரித்தான். சும்மா இல்லை, நாற்காலியைப் பின்னால் தள்ளி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாட்டினான் பாரு முதல் திருடன்" என்று பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி சொன்னான். அந்தச் சிரிப்புக்கு நடுவில் கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டிருக்கிறவனுக்கு யோசிக்க எங்கே நேரம்?

விஷயத்தை முறையாகச் சொல்லிவிடுவோம். ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், ஒரே நீளமான அறையில், கம்ப்யூட்டர் கேம் செய்கிற ஆபீஸ் அது. அங்கே தயாரான கேமின் பெயர் 'ஓடக்காரி'. ஒரு பெண் ஆற்றில் படகு ஓட்டுகிறாள். இந்தக் கரையில் ஆளை ஏற்றி அந்தக் கரையில் இறக்குகிறாள். போகிற வழியில் ஏறினவர்கள் அவளிடம் மனசைத் திறந்து பேசுகிறார்கள். சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. அதைக் கற்பனை செய்து, படம் வரைந்து, ஒவ்வொரு பயணிக்கும் பேச்சு எழுதி, வருஷக்கணக்காக அதோடு மல்லுக்கட்டியவள் பூட்டுக்காரனின் மனைவி. கேமின் உரிமை அவள் பேரில் இருந்தது. விற்பது முதலாளி பொறுப்பு. காசு கொடுக்காதவன் விளையாடாமல் பார்த்துக்கொள்வது பூட்டுக்காரன் பொறுப்பு. அந்தப் பேரை அவனுக்கு வைத்தவளும் மனைவிதான். காலேஜில் ஓட்டை சைக்கிளுக்கு இரண்டு பூட்டு போட்டு வைத்திருந்தவனுக்கு வேறு என்ன பேர் வைப்பாள்.

அவளுடைய முதல் கேம் வெளிவந்த அன்றைக்கே திருடுபோனது. யாரோ பூட்டை உடைத்து இன்டர்நெட்டில் போட்டுவிட்டார்கள். விளையாடாதவன் பாக்கி இல்லை, வாங்கினவன்தான் இல்லை. ஒரு கல்யாணத்தில் யாரோ ஒருவர் அவளைத் தேடி வந்து, "உங்க கேமை முழுசா முடிச்சேன், ஓசியிலயே கிடைச்சுது" என்று ரொம்ப சந்தோஷமாகக் கையைக் குலுக்கினார். அவளும் சிரித்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டவன் அன்றைக்கே முடிவு செய்தான், இனி இவள் செய்த ஒன்றை ஒருத்தனும் ஓசியில் தொடமாட்டான் என்று.

அதனால் 'ஓடக்காரி'க்கு அவன் போட்டது வெறும் பூட்டு இல்லை, பொறி. திருடின நகலும் திறக்கும். இரண்டு தடவை படகு ஒழுங்காக அக்கரை சேரும். மூன்றாவது தடவை நடு ஆற்றில் படகுக்குள் தண்ணீர் கசியும். எவ்வளவு இறைத்தாலும் முழுகும். திரும்பப் போனாலும் முழுகும். அது தண்டனை என்று திருடனுக்குத் தெரியாது. கேமில்தான் கோளாறு என்று நினைத்துப் புகார் எழுதுவான், எழுதினால் மாட்டிக்கொள்வான். அந்தப் புகாருக்குப் பதிலையும் இவனே முன்கூட்டி எழுதி வைத்திருந்தான்: 'காசு கொடுத்து வாங்கினால் ஓட்டை தானாக அடையும்.'

"என் படகை மூழ்கடிக்காதடா" என்று மனைவி கேட்டுக்கொண்டாள். "வேற ஏதாவது பண்ணு."

"வலிக்கணும்ல. அப்பத்தான் வாங்குவான்."

"எனக்கு இது பிடிக்கல."

"உனக்காகத்தான் பண்றேன்" என்றான். இந்த வார்த்தைக்குப் பிறகு யாரால் என்ன பேச முடியும்?

புகார்களுக்குப் பதில் போடுகிறவளை ஆபீஸில் எல்லோரும் அக்கா என்றார்கள். கொஞ்சம் வயசானவள், எந்தக் கோபக்காரனையும் பேசியே குளிரவைத்துவிடுவாள். விற்பனை ஆரம்பித்த அன்று காலை முழுக்க அந்தப் பதிலைத்தான் அவள் ஒட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவன் மேசைக்கு வந்து நின்றாள்.

"தம்பி, திருடனுங்க இவ்வளவு மரியாதையா எழுதுவாங்களா?"

"திருடன் மரியாதையாத்தான்க்கா பேசுவான்."

"ரசீதை வேற அனுப்புறாங்கப்பா."

அப்படி அனுப்பினவர்களில் ஒரு நர்ஸ் இருந்தாள். வாழ்க்கையில் அவள் வாங்கிய முதல் கேம் அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், யாரையாவது பத்திரமாகக் கரை சேர்த்துவிட்டுத் தூங்கலாம் என்று வாங்கினாளாம். மூன்றாவது நடையில் படகு முழுகியது. கேட்டதற்கு வந்த பதிலையும் தன் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டாள். கீழே எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'காசு குடுத்தேன். திருடின்னு சொல்லிட்டாங்க.'

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

காரணம் அன்று சாயங்காலம்தான் பூட்டுக்காரனுக்குப் பிடிபட்டது. அவன் பூட்டு, கம்ப்யூட்டரில் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று முதலில் பார்த்து வைத்துக்கொள்ளும். பாகம் மாறினால் அது வேறு கம்ப்யூட்டர், வேறு கம்ப்யூட்டர் என்றால் திருட்டு நகல். இரண்டு கையாலும் பிடித்து விளையாடுகிற கன்ட்ரோலரைச் செருகினால் அதையும் புதுப் பாகம் என்று எடுத்துக்கொண்டது. செருகினவர்கள் எல்லாம் திருடர்கள். 'ஓடக்காரி'யை ஏறக்குறைய எல்லோரும் கன்ட்ரோலரில்தான் விளையாடினார்கள். துடுப்புப் போடும்போது கையில் ஆற்றின் இழுப்பு தெரிகிற மாதிரி அவன் மனைவி பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாள். இது அவனுக்கு எப்படித் தெரியாமல் போனது? அவன் கேம் விளையாடுகிற ஜாதியே இல்லை. பூட்டு திறக்கிறதா என்று கீபோர்டில் தட்டிப் பார்ப்பான், திறந்ததும் மூடிவிடுவான். பெண்டாட்டி உயிரைக் கொடுத்துச் செய்த ஆற்றில் இவன் ஒரு நாள்கூட இறங்கிக் கால் நனைத்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவன் செய்தது வெறும் கைப்பிசகு என்று ஆகிவிடும்.

கோளாறைச் சரி செய்துவிட்டான். அன்றே செய்துவிட்டான். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 'கன்ட்ரோலரைச் சரி பண்ணிட்டீங்க, சரி. நாளைக்கு என் கம்ப்யூட்டர்ல வேற ஏதாவது மாத்தினா திரும்பவும் திருடனா?' என்று கேட்டார்கள். கேள்வி நியாயம்தானே. 'பூட்டையே எடு' என்றார்கள். ரிவ்யூ எழுதும் பக்கம் மேலிருந்து கீழ்வரை 'பிடிக்கவில்லை' என்ற சிவப்புக் குறியாக இருந்தது. வாங்கினவர்கள் கேமைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டார்கள். வாங்காதவர்களும் வந்து கரித்துக் கொட்டினார்கள். பூட்டுக்காரன் யார் என்று கண்டுபிடித்து அவன் படத்தை ஓட்டைப் படகில் ஒட்டிச் சிரித்தார்கள். அதெல்லாம் அவனுக்கு உறைக்கவில்லை. 'கேம் நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரும் வாங்காதீங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அவன் திரும்பத் திரும்பப் படித்தான்.

வீட்டில் மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசவாகப் படித்தாள். அவன் அவளுக்குத் தட்டில் எடுத்து வைத்த சோறு ஆறிப்போனது.

"படிக்காத. மூடி வை" என்றான்.

"இவங்க யாரும் கெட்டவங்க இல்ல" என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "பாரு, இந்த ஆள் எழுதியிருக்கான். அந்தக் கிழவி படகுல ஏறி மகனைப் பத்திப் பேச ஆரம்பிச்சாளாம், பாதியில படகு முழுகிடுச்சாம். அவ என்ன சொல்ல வந்தான்னு யாராவது சொல்லுங்கன்னு கேட்கிறான். அந்தப் பேச்சை எழுத எனக்கு எவ்வளவு நாள் ஆச்சு தெரியுமா?"

"தெரியும்."

"தெரியாது உனக்கு. எடுத்துடு பூட்டை."

"நான் எப்படி எடுக்க முடியும்? முதலாளி சொல்லணும், பணம் போட்டவங்க சொல்லணும்."

"அப்ப போய்க் கேளு. கால்ல விழு. ஓடக்காரி போயிட்டா என்கிட்ட இன்னொண்ணு இல்ல, சொல்லிட்டேன்."

மிரட்டலாக அவள் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவளுக்கு இன்னொரு கேம் செய்கிற தெம்பு இல்லை என்பது அவனுக்கும் தெரியும். கண்ணுக்குக் கீழே கருவளையம், மணிக்கட்டில் கட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கேயோ போய்விடுகிற பார்வை. தன் கையாலேயே இவள் கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டோமே என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை முதலாளி அறைக்குப் போனான். அங்கே எப்போதும் இருமல் மாத்திரை வாசனை. ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டுதான் பேசுவார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே கெஞ்சினான்.

"எடுத்துடலாம் சார். நான் போட்ட பூட்டு, நானே சொல்றேன். இது திருடனைப் பிடிக்கல, வாங்கினவனைத்தான் பிடிக்குது."

"கத்துறாங்கன்னு பயப்படுறியா?"

"கேம் செத்துக்கிட்டு இருக்கு சார்."

"இந்தத் தொழில்ல கத்தாத நாள் எது? பெரிய பெரிய கம்பெனி எல்லாம் பூட்டு போடுது. ஜனங்க நாலு நாள் கத்துவாங்க, அஞ்சாம் நாள் அதே கேமை வாங்குவாங்க. சத்தத்தைப் பார்த்துப் பூட்டைக் கழட்டினவன் யாரு, சொல்லு பார்ப்போம்."

"சார், என் பெண்டாட்டி..."

"தெரியும்ப்பா." மாத்திரையை அந்தக் கன்னத்திலிருந்து இந்தக் கன்னத்துக்கு மாற்றினார். ஜன்னலைப் பார்த்தார். "கொஞ்சம் பொறு. திங்கட்கிழமை வரைக்கும் பொறு. நீயா எதுவும் பண்ணாத."

கொஞ்சம் பொறு. அந்த ஆபீஸில் இதற்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். சம்பள உயர்வு கேட்டால் கொஞ்சம் பொறு. ஒழுகுகிற கூரையைக் காட்டினால் கொஞ்சம் பொறு. கூரை இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மாட்டேன் என்று சொல்லத் தைரியம் இல்லாத மனுஷன் சொல்கிற வார்த்தை அது என்றே அவன் எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்?

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். அக்கா பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறபோது அவன் மேசைப் பக்கம் ஒதுங்கினாள்.

"ஒரு கெட்ட சேதி தம்பி. கேமை விற்கிற இணையதளத்துலேருந்து எழுதியிருக்காங்க. இவ்வளவு பேர் திருப்பிக் குடுத்தா முன் பக்கத்துல வெச்சிருக்க முடியாதாம். திங்கட்கிழமையிலேருந்து தூக்கிடுவாங்க."

முன் பக்கத்திலிருந்து தூக்கினால் யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாத கேமை யார் வாங்குவார்கள்? அதோடு கதை முடிந்தது.

"வீட்ல சொல்லிடாத இப்ப" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தா பயமா இருக்கு. நீயும் பதறாத. பதறாத காரியம் சிதறாது."

நல்ல வாக்குத்தான். ஆனால் வீடு பற்றி எரிகிறவனிடம் போய்ப் பதறாதே என்றால் அவன் காதில் ஏறுமா? எல்லோரும் இறங்கிப் போன பிறகு நீள அறையில் அவன் மட்டும் இருந்தான். ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. யோசித்தான். இப்படி யோசித்தான்: பூட்டு இருக்கிறவரைக்கும் இவர்கள் கத்துவார்கள். முதலாளி எடுக்கமாட்டார். ஆனால் பூட்டு இல்லாத 'ஓடக்காரி' வெளியே வந்துவிட்டால்? உடைந்த பூட்டை எவனாவது கதவில் தொங்கவிடுவானா? எடுத்துத்தானே ஆகவேண்டும்? முழுகின படகோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாம் அக்கரை சேர்வார்கள். கேம் நல்ல கேம் என்று ஊருக்குத் தெரியும். தெரிந்தால் வாங்குவார்கள்.

கணக்கு என்னவோ அழகாகத்தான் இருந்தது. பைத்தியக்காரன் போடுகிற கணக்கெல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

பூட்டைக் கழற்ற அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும், அவன் போட்டதுதானே. இன்னொரு வேலையும் இருந்தது. ஆபீஸில் ஆளுக்கு ஒரு நகல் உண்டு. எந்த நகல் வெளியே கசிந்தாலும் யார் கையிலிருந்து போனது என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் ரகசியக் குறிகள் வைத்திருந்தார்கள். படகின் மரக்கோடுகளில் ஒன்று, தண்ணீர்ச் சத்தத்துக்குள் ஒன்று, இப்படி அங்கங்கே ஒளித்து வைத்தவனே அவன்தான். எங்கெங்கே என்று வேறு யாருக்கும் தெரியாது. ஒன்று பாக்கியில்லாமல் தேடித் துடைத்தான். மாமியார் வீட்டுக்கு வருகிறாள் என்றால் பாத்திரம் துலக்குகிற மாதிரி துடைத்தான். பிறகு திருடர்கள் வந்து போகிற இடம் ஒன்றில் பேரில்லாமல் அதைப் போட்டான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படி இறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை வசவு அடங்கியது. நம்பமுடியாத மாதிரி அடங்கியது. 'யாரோ புண்ணியவான் பூட்டை உடைச்சுட்டான்' என்று கொண்டாடினார்கள். கிழவி தன் மகனைப் பற்றி என்ன சொல்ல வந்தாள் என்று கேட்டிருந்தவன், கேட்டுவிட்டதாகவும், கேட்டுவிட்டு மொட்டைமாடியில் போய் நின்றதாகவும் எழுதியிருந்தான். நர்ஸ் எழுதியிருந்தாள்: 'கரை சேர்ந்தேன்.' பூட்டுக்காரன் சமையலறையில் நின்று அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான்.

மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பவும் திருடிட்டாங்க என்னை. நீ என்னமோ பொண்ணுக்கு வரன் அமைஞ்ச மாதிரி சாப்பிடுற?"

"இல்ல... நல்லா எழுதுறாங்களே, அதான்."

"ஓசியில கிடைச்சா நல்லாத்தான் எழுதுவாங்க" என்றாள். குளியலறைக்குப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. அவன் எழுந்து கதவு வரைக்கும் போனான். சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்கினான், தட்டவில்லை. திங்கட்கிழமை பூட்டை எடுத்துவிடுவார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டான்.

திங்கட்கிழமை முதலாளி எல்லோரையும் நீள அறையில் கூட்டவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அன்றைக்கு வாயில் மாத்திரை இல்லை. கண் சிவந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை பூட்டை எடுத்தாச்சு" என்றார்.

அவனுக்குப் புரியவில்லை.

"எடுக்கிறதா முடிவாச்சுன்னு சொல்றேன். பணம் போட்டவங்க சம்மதிச்சாங்க. அந்த நர்ஸ் எழுதினதை அவங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். திருப்பிக் குடுத்தவங்க எழுதின எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். நாலு நாளா மன்றாடினேன். இவ்வளவு பேர் கத்தும்போது கேட்காம எப்படின்னு கடைசியில அவங்களே சொன்னாங்க. சனிக்கிழமை தளத்துக்காரங்ககிட்டயும் பேசியாச்சு. பூட்டை எடுத்தா முன் பக்கத்துலயே வெக்கிறேன்னாங்க. இன்னிக்குக் காலையில அறிவிக்கிறதா இருந்தோம். முன்னாடியே வெளிய தெரிஞ்சா காரியம் கெட்டுடும்னுதான் பொறுன்னு சொன்னேன்."

"சார், அன்னிக்கு சத்தத்தைப் பார்த்து யாரும் கழட்டமாட்டாங்கன்னு..."

"உன்கிட்ட வேற என்ன சொல்றது? உன் வாயில எது நிக்கும்?" முதலாளி மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "இப்ப பூட்டு இல்லாத நகல் ஊரெல்லாம் சுத்துது. இப்ப எடுத்தா திருடனுக்குப் பயந்து எடுத்த மாதிரி ஆயிடும், எடுக்காதீங்கன்னு பணம் போட்டவங்க சொல்லிட்டாங்க. அதோட விடல. இதைவிடப் பெரிய பூட்டா போடணுமாம். இல்லன்னா கேமையே நிறுத்திடுன்னு சொல்றாங்க."

மனைவி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாரு சார் பண்ணினது?"

முதலாளி அவளைப் பார்த்தே பேசினார்.

"குறியோட வந்திருந்தா, அந்த நகலை யார் எடுத்தாங்கன்னு ஆபீஸ் பூரா விசாரிக்கணும்மா. இது குறியே இல்லாம வந்திருக்கு. எல்லா இடத்துலயும் துடைச்சிருக்கு. எல்லா இடமும் தெரிஞ்ச ஆள் எத்தனை பேர்?"

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். இவ்வளவு வருஷத்தில் அவள் அவனை எப்படியெல்லாமோ பார்த்திருக்கிறாள், இப்படிப் பார்த்ததில்லை. அவனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

"உனக்காகத்தான்" என்றான்.

"சொல்லாத அதை." அவள் குரல் ஏறவே இல்லை. "வாங்கினவங்களைத் திருடன்னு நினைச்ச. அப்புறம் அவங்க கத்தினா ஒண்ணும் நடக்காதுன்னு நினைச்ச. அவங்க எனக்காகக் கத்தினாங்கடா. என் படகு முழுகக் கூடாதுன்னு கத்தினாங்க. நடந்துடுச்சு பாரு, அவங்க கத்தி நடந்துடுச்சு. உனக்கு மட்டும்தான் நம்பிக்கை இல்ல. அவங்க மேலயும் இல்ல, என் மேலயும் இல்ல. ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். அதனால்தான் கேட்கவில்லை. அது அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

"ஒரே ஒரு வழி இருக்கு" என்றார் முதலாளி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "திருட்டு வெளியேருந்து நடக்கல, உள்ள ஒரு ஆள் பண்ணினதுன்னு போலீஸ்ல புகார் ஆகணும். அது ஆயிட்டா, திருடனைப் பிடிச்சுட்டோம், பூட்டை ஜனங்களுக்காக எடுக்கிறோம்னு சொல்லலாம். முதல்ல பேசினபடியே எடுக்கலாம்னு பணம் போட்டவங்க ஒத்துக்கிட்டாங்க. ஆனா உரிமை உன் பேர்ல இருக்கு. புகாரை நீதான் குடுக்கணும்மா. நாளை மத்தியானம் வரைக்கும்தான் தளத்துக்காரங்க பொறுப்பாங்க."

"குடுத்தா இவனுக்கு என்ன ஆகும்?"

"வக்கீல் வெக்கலாம். நான் வாக்குக் குடுக்க முடியாது."

"குடு" என்றான் பூட்டுக்காரன்.

"நீ வாயை மூடு."

அன்று ராத்திரி அவள் படுக்கையறையில் இருந்தாள், அவன் கூடத்தில் இருந்தான். அவளுக்கு எது வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஓடக்காரியும் வேண்டும், அவனும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று ஆக்கி வைத்தவன் அவன். தான் தொலைந்து போனால் அவளுக்கு லேசாகுமா என்று அவன் யோசித்ததும் உண்டு. அப்போது உள்ளே அவள் இருமினாள். தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். வாங்கிக் குடித்தாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அந்தக் கிழவி மகனைப் பத்தி என்னதான் சொன்னா?" என்று கேட்டான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "மகன் அவளைக் காப்பாத்தறேன்னு வீட்டைப் பூட்டி வெச்சுட்டுப் போவான். ஒரு நாள் திரும்பி வரல. யாரோ வழியில போனவங்க சத்தம் கேட்டுக் கதவை உடைச்சாங்க."

அவன் அழுதான். அவளும் அழுதாள். ஒருத்தரை ஒருத்தர் தொட்டுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் குளித்து, தலை வாரி, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். எங்கே என்று அவன் கேட்கவில்லை. ஸ்டேஷன் தூரம், பஸ்ஸில் போனால் நேரமாகிவிடும். வண்டிச் சாவியை எடுத்தான். ஹெல்மெட்டை அவளிடம் நீட்டினான், மாட்டிக்கொண்டாள். பின்னால் ஏறி உட்கார்ந்தவள் வழக்கம்போல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பாதி வழியில்தான் அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கையை எடுத்தாள். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. திரும்பவும் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் வாசலில் அவளை இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றுச்சுவர் ஓரம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தான். உள்ளே மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பெஞ்சில் அவள். அவன் வாசற்படியிலேயே நின்றான்.

"என்னம்மா காணாமப் போச்சு?"

"காணாமப் போகல. கம்ப்யூட்டர் கேம். நகல் எடுத்து வெளிய போட்டுட்டாங்க."

"அப்ப பொருள் உங்ககிட்டயே இருக்கு?"

"இருக்கு."

"இருக்கிற பொருளுக்கா திருட்டுக் கேஸ்? சரி, சொல்லுங்க, எழுதுவோம். யார் மேலயாவது சந்தேகமா?"

"சந்தேகம் இல்ல. தெரியும்."

"அந்த ஆள் உங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

போலீஸ்காரரின் பேனா நின்றது. தலையைத் தூக்கி அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதினார்.

"ஆள் இப்ப எங்க இருக்கார்னு ஏதாவது தெரியுமா?"

அவள் திரும்பினாள். இரண்டு கையிலும் இரண்டு ஹெல்மெட்டோடு வாசலில் நிற்கிறவனைப் பார்த்தாள்.

"வண்டியை நிறுத்தப் போனார், வந்துட்டார்" என்றாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.